மகள் பேரில் ஒரு வேன்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான். நான். என் மகள். ஆராய்ச்சியில் அவளுக்கு வழிகாட்டும் மேடம். உதவித்தொகைப் பிரிவு ஆபீசர். அவர் பக்கத்தில் கம்ப்யூட்டர் தட்ட ஒரு பெண். என் மனைவி கீழே வேனிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே வா என்றேன். "எனக்கு காலு வரல, நீ போ" என்றாள். அதனால் அவளைச் சேர்க்கவில்லை.

எனக்குக் கால் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

எதற்குக் கூப்பிட்டார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மாதா மாதம் வரும் உதவித்தொகையை நிறுத்துவதா, இதுவரை கொடுத்ததைத் திரும்ப வாங்குவதா, அவளை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிடுவதா என்று பேசத்தான்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஊர் புதுப்பட்டினம். வேன் ஓட்டுகிறேன். எம்.எஸ்சி. முடித்ததும் மகள் பி.எச்டி. சேரப் போகிறேன் என்றாள். இன்னும் படிப்பா, காசுக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"இதுக்கு நாம கட்ட வாணாம்பா. பரீட்சை எழுதி பாஸ் பண்ணா அவங்க குடுப்பாங்க. ஸ்டைபண்டு."

பாஸ் பண்ணினாள். மாதம் முப்பத்தோராயிரம் என்று வந்தது. நான் நம்பவில்லை. பேங்க் மெசேஜைக் காட்டிய பிறகுதான் நம்பினேன். ரூம் வாடகை, சாப்பாடு, புத்தகம், ரயில் பாஸ் எல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். பொத்தேரியில் இன்னொரு பெண்ணோடு ரூம் எடுத்துத் தங்கினாள். அங்கிருந்து ரயிலில் பல்கலைக்கழகம் போய் வருவாள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம்.

வேன் ஸ்டாண்டில் சொன்னேன். அங்கே ஒரு பாய். நானும் அவரும் ஒன்றாக கிளீனராக இருந்து டிரைவர் ஆனவர்கள். இப்போது கல்யாண பிரியாணிக்கு ஆளும் அண்டாவும் ஏற்றிப் போகிறார்.

"இன்னா மச்சான் சொல்ற? படிக்கிறதுக்கு டப்பு குடுக்கறாங்களா?"

"மாசா மாசம்."

"நல்லா கீதே கத. என் புள்ள படிக்காம கீறதுக்கு நான் குடுத்துகினு கீறேன்."

ஸ்டாண்டே சிரித்தது. எனக்கும் சந்தோஷம்தான். வெளியே காட்டவில்லை.

கடற்கரைக் கிணறுகளில் உப்புத்தண்ணீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிணறு கிணறாகத் தண்ணீர் எடுப்பாள். சின்னச் சின்ன பாட்டில். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. நான்தான் வேனில் கூட்டிப் போவேன்.

இப்போது வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இதற்கு முன் என் பேரில் இரண்டு வண்டி எடுத்தேன். ஒன்று புளியமரத்தில் மோதியது. இன்னொன்றில் இன்ஜின் போனது, ஃபைனான்ஸ்காரன் வந்து வண்டியை எடுத்துப் போனான். மூன்றாவது எடுக்கும்போது என் மனைவி ஒரே பிடியாக நின்றாள்.

"உன் பேர்ல எடுத்தா நான் அதுல ஏறவே மாட்டேன். பொண்ணுதான் ராசிக்காரி. அது பொறந்தப்பறந்தான் இந்த வூட்டுக்கு கரண்டே வந்துச்சு."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். வண்டியோ மனையோ, வீட்டில் யார் ராசி நல்லதோ அவர் பேரில் போடுவார்கள். ஓட்டுவது ஒருவர், பேர் ஒருவருடையது. யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் மகள் கையெழுத்துப் போட்டாள். அப்போது அவள் காலேஜில் இருந்தாள். போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடினாள். அவளுக்கு அது அப்பா வண்டி. அவ்வளவுதான்.

ரொம்ப நாள் கல்யாணம், கோயில் என்று ஓட்டினேன். கையில் காசு வரும். அப்புறம் செங்கல்பட்டு பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. கான்ட்ராக்ட்காரர் சொன்னார்: ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவர் அக்கவுண்டில்தான் வாடகை போடுவேன், அவர் பேன் கார்டு வேண்டும். மகளுடையதைக் கொடுத்தேன். அவள் பேரில் புதுப்பட்டினத்தில் பழைய அக்கவுண்ட் ஒன்று இருந்தது. ஏ.டி.எம். கார்டு என்னிடம். மெசேஜ் வருவதும் என் போனுக்கு. வாடகையில் கொஞ்சம் வரி என்று பிடித்தார்கள். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று. உதவித்தொகை வாங்குகிறவர் வருடா வருடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வேறு வேலை இல்லை, வேறு வருமானம் இல்லை என்று. முழு நேரமும் ஆராய்ச்சி செய்யத்தான் அந்தக் காசு. மகள் இரண்டு தடவை போட்டிருக்கிறாள். நல்ல மனசோடுதான் போட்டாள். அவளுக்குத் தெரியாதது, வாடகை அவள் கணக்கில் விழுகிறது என்பது.

மூன்றாம் வருடம் தொகையைக் கூட்டித் தருவார்களாம். அதற்கு வருமான வரிப் பக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதில் வாடகை, மாதம் மாதமாக, அவள் பேரில்.

அன்று பகலில் நான் கம்பெனி வாசலில் வேனை நிழலில் போட்டுவிட்டுப் பின் சீட்டில் படுத்திருந்தேன். போன் வந்தது.

"அப்பா, வேன் வாடகை எந்த அக்கவுண்ட்லப்பா வருது?"

"உன் அக்கவுண்ட்லதாம்மா. உன் ராசி, ஒரு மாசங்கூட நின்னதில்ல."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து நான் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். சரி, வேலையாக இருப்பாள் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை. அதற்குள் மனைவி போன் செய்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அதுகூட ரூம்ல கீற பொண்ணு போன் பண்ணுச்சு. இது ரூமுக்கு வந்து அழுதுட்டு திரும்ப கெளம்பிப் போயிடுச்சாம். எல்லாம் போச்சுன்னு சொல்லிச்சாம். இன்னாய்யா போச்சு? நீ இன்னா சொன்ன அத்த?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"போய் பாரு. இப்பவே போ."

ஆள் ஏற்றாமல் வேனை எடுத்தது அன்று ஒரு நாள்தான். கான்ட்ராக்ட்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினேன். பக்கத்திலேயே தண்டவாளம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது மின்சார ரயில் ஒன்று கூடவே வந்தது. ஹாரன் அடித்தது. எத்தனை வருடமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறேன், அந்தச் சத்தம் காதில் விழுந்ததே இல்லை. அன்று ஒவ்வொரு ஹாரனும் விழுந்தது. ஹாரன் எதற்கு அடிக்கிறான் என்றுதான் நினைப்பு ஓடியது. குறுக்கே யார்.

பொத்தேரி ஸ்டேஷன் பக்கம் கூட்டம். பத்துப் பதினைந்து பிள்ளைகள் வட்டமாக நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேனை ஓரம் கட்டினேன். கதவைத் திறந்தேன். இறங்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். கூட்டத்திலிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கையில் போன் கவர். தரையில் விரித்துப் போட்டு ஒருவன் போன் கவர் விற்றுக்கொண்டிருந்தான்.

தண்ணீர் குடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஓட்டினேன். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

"யாரு வேணும்?"

"என் பொண்ணு. கெணத்துத் தண்ணி படிக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. எந்தக் கட்டடம் என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

மகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. லேபுக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம். அணைத்துப் பெட்டியில் வைத்திருந்தாளாம்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"இல்லப்பா."

அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போனேன். இட்லி வாங்கினேன். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

"மேடம்கிட்ட நானே சொல்லப் போறேன்பா. அவங்களா கண்டுபிடிச்சா ஏமாத்துனதா ஆயிடும்."

"சொன்னா?"

"தெரியல. போன வருசம் ஒரு அண்ணா டியூஷன் சென்டர்ல வேல பாத்துட்டு இதையும் வாங்கினாரு. அவர எடுத்துட்டாங்க."

நான் இட்லியைப் பிட்டேன். வாயில் வைக்கவில்லை.

பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் காதோரம் வந்து பேசினார்.

"செங்கல்பட்டு கோர்ட்டாண்ட நமக்கு ஒரு ஆள் கீறான். பழைய தேதி பத்திரம் தருவான். வண்டிய அப்பவே உனக்கு லீஸுக்கு உட்டாப்ல எழுதிக்கலாம். பேஜாரு இல்லாம முடிஞ்சிரும்."

மகளிடம் கேட்டேன். "அதுல மாட்டுனா உங்களயும் சேத்து உள்ள வெப்பாங்க" என்றாள். பாயிடம் வேண்டாம் என்றேன்.

"படிச்ச புள்ளைங்களே இப்டித்தான் மச்சான். பொய் சொல்லத் தெரியாது. இன்னாத்துக்குதான் படிக்குதுங்களோ."

அவள் மேடத்திடம் சொன்னாள். மேடம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்த வாரத்தில் அந்த மாத ஸ்டைபண்டு வரவில்லை. தகப்பனாரையும் அழைத்து வரவும் என்று மெயில் வந்தது. அப்படித்தான் அந்த அறைக்குப் போனோம்.

ஆபீசர் கோபக்காரர் இல்லை. மெதுவாகப் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டிராஃபிக் போலீஸ்காரர் கத்தினால் நூறு இருநூறோடு போகும். மெதுவாகப் பேசினால் கேஸ்.

"வண்டி யாரோடது?"

"என்னுதுதான் சார். பேருதான் பாப்பாவோடது."

"ஏன் அப்படி?"

ராசி என்று சொல்ல நாக்கு வரவில்லை. பெரிய பெரிய புத்தகம் அடுக்கிய அறை. கடைசியில் சொன்னேன். கம்ப்யூட்டர் தட்டிய பெண் தட்டுவதை நிறுத்தி, இதையும் ஏற்றவா என்பது போல ஆபீசரைப் பார்த்தாள். "ஏத்துங்க" என்றார் அவர்.

பிறகு மகளிடம் திரும்பினார்.

"அந்த வாடகைப் பணத்துல நீ ஏதாவது எடுத்திருக்கியாம்மா?"

இல்லை என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்.

"எடுத்திருக்கேன் சார்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை.

"ஸ்டைபண்டு சில சமயம் மூணு நாலு மாசம் சேர்ந்துதான் சார் வரும். அதுவரைக்கும் ரூம் வாடகைக்கு அப்பா அனுப்புவாரு. அது அந்தப் பணம்தான். அப்ப எனக்குத் தெரியாது. இப்ப தெரியும்."

மேடம் மேஜையைப் பார்த்தார். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லேட்டா வருதுங்கறது உண்மைதான்" என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு ஃபைலை இழுத்தார். "வெளிய போய் சாம்பிள் எடுக்கற செலவுக்குத் தனியா பணம் உண்டு. பயண பில் எல்லாம் இதுல இருக்கும்."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு தடவை மகள் கேட்டாள் என்று என் பில் புத்தகத்திலிருந்து ஒரு பில் எழுதிக் கொடுத்திருந்தேன். சதுரங்கப்பட்டினம் போய் வர, டீசல், வண்டி வாடகை என்று. அதை அவள் கொடுத்தாளா இல்லையா, எனக்குத் தெரியாது. கொடுத்திருந்தால் அவள் வண்டிக்கு அவளே காசு வாங்கியதாக ஆகும். அதற்கு என்ன பேர் வைப்பார்கள் என்று எட்டாவது படித்தவனுக்கும் தெரியும். அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாட்டில் பில், கெமிக்கல் பில், கூரியர் பில். அவர் விரல் போகும் இடமெல்லாம் என் கண் போனது. மஞ்சள் தாள் ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். என் பில் மஞ்சள்.

"பயண பில் ஒண்ணுகூட இல்லையே?" என்றார்.

"போடல சார்."

"ஏன்?"

"எங்கப்பா வண்டி சார். அதுக்கு எப்படி பில் போடறது?"

மேடம் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நானும் அந்த வண்டியில போயிருக்கேன் சார். இவர்தான் ஓட்டினார். டீசலுக்குக் குடுத்தேன், வாங்கல."

ஆபீசர் ஃபைலை மூடினார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

"மொதல்ல வண்டிய உங்க பேருக்கு மாத்துங்க. இனிமே அந்த அக்கவுண்டுக்கு ஒரு பைசா வாடகை வரக் கூடாது. மத்தது கமிட்டி முடிவு பண்ணும். லெட்டர் வரும்."

கீழே இறங்கி வந்தோம். மனைவி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"லெட்டர் வருமாம்."

"நல்ல லெட்டரா?"

"வந்தாதான் தெரியும்."

செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் பேரை மாற்றினேன். அன்றிலிருந்து மனைவி அந்த வேனில் ஏறுவதை விட்டாள். சந்தைக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். "பேரு மாறுன வண்டி, நான் வரல" என்றாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் மட்டும் தவறாமல் வைத்தாள்.

லெட்டர் வரவில்லை. ஸ்டைபண்டும் வரவில்லை. மகள் தண்ணீர் எடுப்பதை நிறுத்தவில்லை. மழைக்கு முன்னால் ஒரு தடவை எடுத்தாக வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் போனோம். கோட்டைக்குப் பின்னால் ஒரு வீட்டுக் கிணறு. அந்த வீட்டு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வருசம் பூரா எங்க தண்ணிய எடுத்துகினு போற. ஒரு நல்ல தண்ணி பைப்பு போட்டுக் குடுக்க மாட்டியா?"

"அத போடறவங்க வேற ஆளுக்கா. நான் உப்பு எவ்ளோன்னு மட்டுந்தான் சொல்லுவேன்."

"அத நாக்குல வெச்சா நானே சொல்லுவேன் போ."

மகள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான். வேனுக்குத் திரும்பி வந்து பாட்டிலில் சீட்டு ஒட்டினாள். சீட்டு கோணலாக ஒட்டியது.

"அப்பா, இதுதான் கடைசின்னா?"

எனக்கும் அதே பயம்தான். பகலில் ஆள் ஏற்றும்போதும் அது, சிக்னலில் நிற்கும்போதும் அது. போன் அடித்தால் முதலில் யார் நம்பர் என்று பார்ப்பேன். ஆறுதலாக எதையாவது சொல்லி, அது நடக்காமல் போய்விட்டால்?

"மூடிய நல்லா இறுக்கி மூடு" என்றேன்.

லெட்டர் வந்ததும் மகள் போனில் சொல்லவில்லை. பஸ் பிடித்து நேராக வீட்டுக்கு வந்தாள். அவள் தெருவில் வருவதைப் பார்த்ததும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டாள். மகள் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். வேண்டுமென்று செய்த தப்பாகத் தெரியவில்லை. ஆராய்ச்சியில் தொடரலாம். வண்டி பேர் மாறிய மாதத்திலிருந்து ஸ்டைபண்டு கிடைக்கும். மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இரும்மா. இன்னும் கீது" என்றாள் மகள்.

வாடகை விழுந்த பதினான்கு மாதத்துக்கும் வாங்கிய ஸ்டைபண்டைத் திரும்பக் கட்ட வேண்டும். முழுசாக. ஒரே தடவையில். முப்பது நாளுக்குள். கட்டாவிட்டால் மேலே சொன்னது எதுவும் செல்லாது.

அந்தக் காசு எங்கள் யாரிடமும் இல்லை. அது ரூம் வாடகையாகவும் சாப்பாடாகவும் போய்விட்டது.

"நான் உட்டுடறேன்பா" என்றாள் மகள். "உட்டுட்டா கட்ட வேணாமா?" என்றாள் மனைவி. "உட்டாலும் கட்டணும்மா."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். பாய் அங்கே இருந்தார். வேனை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். அவர் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"மச்சான், ராசியான வண்டிய்யா. உடாத."

"வேணுமா, வேணாமா?"

வேனைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பேரம் பேசுவார் என்று இருந்தேன். பேசவில்லை.

"நீயே ஓட்டு. மாசம் சம்பளம் தரேன். ஆனா அண்டா கழுவ மாட்டேன்னு சொல்லக் கூடாது, ஆமா."

"கழுவறேன்."

ஃபைனான்ஸ் பாக்கியைக் கட்டியது போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு பேங்குக்கு நானும் மகளும் போனோம். கூட்டம். வரிசையில் நின்றோம். கையிலிருந்த பையை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஏதாவது குறையுமோ, வாங்க மாட்டேன் என்பார்களோ, தேதி தாண்டிவிட்டது என்பார்களோ என்று கவுண்டர் வரும் வரைக்கும் பயம் போகவில்லை. மகள் சலானில் பேர் எழுதினாள், காரணம் எழுதினாள். தொகை எழுதும் இடத்தில் கை நின்றது. பேனாவை வாங்கி நான் எழுதினேன்.

நான்கு லட்சத்து முப்பத்து நான்காயிரம்.